1995-இல் நிறுவிய காற்றாலை: கழற்றுவதா, இன்னும் ஓட்டுவதா?

பூளவாடிக் காற்று (கேள்வி)

வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகில் எங்களுக்கு ஒரு சிறிய நூற்பாலை இருக்கிறது. ஆறாயிரம் ஸ்பிண்டில் (நூல் நூற்கும் கதிர்). கணக்கு வழக்கு முழுவதும் என் பொறுப்பு. அப்பா 1995-இல் பூளவாடிப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கி, 250 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார். அப்போது நான் ஏழாம் வகுப்பு. இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 29 மீட்டர், இரும்புச் சட்டக் கோபுரத்தின் உயரம் 30 மீட்டர். இன்றைய இயந்திரங்களுக்கு நடுவில் பார்த்தால் தோட்டத்துப் பொம்மை போல நிற்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பாதிப் பேர் வருமான வரிக்காகத்தான் காற்றாலை நிறுத்தினார்கள். அப்பாவும் விதிவிலக்கல்ல. முதல் ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் இறக்கை சுற்றியே ஆக வேண்டும், ஆறு மாதம் ஓடாவிட்டால் பாதிதான் கிடைக்கும் என்று ஆடிட்டர் நச்சரித்தது எனக்கே நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு ஆடி முடிந்து மின் கணக்கு வந்த பிறகுதான், இந்த இயந்திரம் வரிவிலக்கு மட்டுமல்ல, மின்சாரமும் தரும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை வந்தது. ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, எங்கள் மின் கட்டணத்தில் ஒரு பகுதி பறந்தது.

இப்போது நிலைமை வேறு. நல்ல ஆண்டுகளில் நான்கு லட்சத்து இருபதாயிரம் யூனிட் தந்த இயந்திரம், சென்ற ஆண்டு இரண்டு லட்சத்து அறுபதாயிரம்தான் தந்தது. கியர்பாக்ஸை 2009-இல் மாற்றினோம். சென்ற ஆடியில், காற்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, தலையைக் காற்றுப் பக்கம் திருப்பும் பற்சக்கரம் உடைந்தது. செய்து கொடுத்த நிறுவனம் இப்போது இல்லை. கோவையில் ஒரு பட்டறையில் வார்த்து வாங்குவதற்குள் பத்தொன்பது நாள் போய்விட்டது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு நான்கரை லட்சம் ஆகிறது.

எங்கள் மில்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 28 லட்சம் யூனிட் வேண்டும். மின்வாரியத்திடம் வாங்கினால் யூனிட் ஏழு ரூபாய்க்கு மேல். தமிழக அரசு 2024-இல் ரீபவரிங் (பழைய காற்றாலையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது) கொள்கை கொண்டுவந்த பிறகு வாரத்துக்கு ஒரு தரகர் வருகிறார். ஒருவர் இரும்பு விலைக்குக் கேட்கிறார். இன்னொருவர் நிலம், மின் இணைப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறார். மூன்றாமவர், “பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள், அரசு ஆதரவு இருக்கிறது” என்கிறார்.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. இன்றும் ஆடி முதல் வாரத்தில் கார் வைத்துப் போய் அதன் அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம். கழற்றுவதா, புதுப்பிப்பதா, இப்படியே ஓட்டுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கயத்தாறு ஓய்வு (பதில்)

அம்மா, நான் மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி காற்றாலைப் பகுதிகளிலேயே வேலை பார்த்தேன். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 1986-இல் நிறுத்திய முதல் இயந்திரங்களைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவருவார்கள். அது 55 கிலோவாட். உங்கள் 250 அந்தக் கணக்கில் பெரிய அண்ணன்.

தரகர் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு காற்றாலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வைக்க ஐந்துக்கு ஏழு என்றொரு விதி பார்ப்பார்கள். இறக்கை விட்டத்தைப் போல ஒரு பக்கம் ஐந்து மடங்கு, காற்று போகும் திசையில் ஏழு மடங்கு. உங்கள் 29 மீட்டருக்கு இது சுமார் ஏழேகால் ஏக்கர். இன்று சந்தையில் இருக்கும் 2.1 மெகாவாட் இயந்திரத்தின் விட்டம் 120 மீட்டர். அதற்கு 600 மீட்டருக்கு 840 மீட்டர், அதாவது ஏறக்குறைய 125 ஏக்கர் வெளி வேண்டும். அவ்வளவு நிலத்தையும் வாங்க வேண்டும் என்று அர்த்தமல்ல. நடுவில் சோளம் விதைக்கலாம், தென்னை வைக்கலாம். ஆனால் அந்த வெளிக்குள் வேறு யாருடைய காற்றாலையும் நிற்கக் கூடாது. பூளவாடியில் உங்கள் கோபுரத்தில் ஏறி நின்று சுற்றிப் பாருங்கள், எத்தனை பேருடைய இறக்கை தெரிகிறது என்று. அத்தனை பேரும் சம்மதித்தால்தான் உங்கள் மூன்று ஏக்கரில் புதிது வரும்.

கொள்கை வகுப்பவர்களுக்கு மெகாவாட் தெரிகிறது. சர்வே எண் தெரிவதில்லை. குஜராத்தில் பெரிய பண்ணையாக ஒரே கம்பெனி வைத்திருக்கும் இடத்துக்கு எழுதுவது போல எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் ஒரே வரிசையில் நிற்கும் பத்து இயந்திரத்துக்கு ஒன்பது முதலாளி. அதில் இரண்டு பேர் பங்காளிச் சண்டையில் இருப்பார்கள்.

புதிய இயந்திரத்தின் பலத்தையும் சொல்ல வேண்டும். இறக்கை வீசும் பரப்பு உங்களுடையதைப் போல 17 மடங்கு. கோபுரம் 120, 140 மீட்டர் உயரம் போவதால் அங்கே காற்றும் வேகம். காற்றின் வேகம் கால் பங்கு கூடினால் அதிலுள்ள சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகும். மும்மடிக் கணக்கு அது. அதனால்தான் உங்கள் இயந்திரம் சும்மா நிற்கும் மாசி பங்குனியில்கூடப் புதியவை மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நல்ல இடத்தில் ஆண்டுக்கு 60 லட்சம் யூனிட் எதிர்பார்க்கலாம்.

ஆனால் உங்களுக்கு வேண்டியதோ 28 லட்சம். மீதியை என்ன செய்வீர்கள்? அந்தக் காலத்தில் மில்லின் அளவுக்குத் தக்கபடி 225, 250, 500 என்று இயந்திரம் வாங்க முடிந்தது. இன்று அந்த அளவில் யார் செய்து தருகிறார்கள்? மெகாவாட்டுக்கு ஏழெட்டுக் கோடி ஆகும். பதினைந்து கோடி கடன் வாங்கிப் பாதி மின்சாரத்தை விற்க ஆள் தேடும் நிலை வரும்.

இன்னொன்று, பேங்கிங். உங்கள் இயந்திரம் பழையது என்பதால் ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதம் மின்சாரத்தை வாரியத்திடம் சேர்த்துவைத்து எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆடியில் விளைந்ததைத் தையில் சாப்பிடலாம். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஆணைப்படி, அந்த ஆண்டு மார்ச் 31-க்குள் ஓடத் தொடங்கிய இயந்திரங்களுக்குத்தான் இந்த முழு ஆண்டு வசதி. பிறகு வந்தவற்றுக்கு ஒரு மாதம். கழற்றிப் புதிது போட்டால் அதைப் பழையதன் தொடர்ச்சியாக எடுப்பார்களா, புதியதாக எடுப்பார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். நம் காற்றில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் வந்துவிடுகிறது; ஒரு மாத பேங்கிங் என்றால் மில்காரருக்குப் பாதி லாபம் அங்கேயே போய்விடும்.

கொள்கை வெளியானபோது மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. காற்றாலை உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றைய நிலையையும் மின்வாரிய வட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே கொள்கையில் புதுப்பித்தல், ஆயுள் நீட்டிப்பு என்று வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன. தரகர்கள் அவற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவற்றில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.


கோபுரமேறி (பதில்)

அக்கா, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஐயா சொன்னது பெரிய கணக்கு. நான் ஒரு சின்னக் கணக்கு கேட்கிறேன். உங்கள் மாதாந்தர அறிக்கையில் ரியாக்டிவ் கட்டணம் எவ்வளவு வருகிறது?

250 கிலோவாட் பழைய இயந்திரங்களில் இருப்பது சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். மின்சாரம் கொடுக்கும்போதே லைனிலிருந்து ரியாக்டிவ் மின்சாரத்தை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் உள்ளே காந்தப் புலத்தை உண்டாக்க மட்டும் போகும் மின்சாரத்தை, இழுக்கும். அதைச் சமாளிக்கத்தான் கீழே பெட்டிக்குள் கெப்பாசிட்டர்கள் வைத்திருக்கிறார்கள். வெயிலில் வெந்து அவை ஊதிப்போகும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. இழுப்பு, தரும் யூனிட்டில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வாரியம் இரட்டிப்பு விகிதத்தில் கட்டணம் போடும். நான் பார்த்த பல இடங்களில் முதலாளி “இயந்திரம் கிழடாகிவிட்டது” என்பார். உள்ளே கெப்பாசிட்டர் செத்திருக்கும்.

இறக்கையின் முன் விளிம்பையும் யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது ஆண்டு மணல் காற்றில் அரித்துச் சொரசொரவென்று ஆகியிருக்கும். பூச்சிகள் வேறு ஒட்டியிருக்கும். உங்களுடையது இறக்கைக் கோணம் மாறாத வகை என்று நினைக்கிறேன். அந்த வகையில் விளிம்பு கெட்டால் உச்சக் காற்றிலும் 250 எட்டாது. ஜூலையில் நல்ல காற்று அடிக்கும்போது மீட்டர் எத்தனை கிலோவாட் காட்டுகிறது? இருநூறைத் தாண்டவில்லை என்றால் கோளாறு இறக்கையில்தான்.

கழற்றுவதாக முடிவு செய்தால் ஒன்று கவனியுங்கள். இரும்பை எடுப்பார்கள், செம்பை எடுப்பார்கள். இறக்கையை யாரும் எடுக்கமாட்டார்கள். கண்ணாடியிழை, உருக்கவும் முடியாது, எரித்தால் நாற்றம். உங்கள் நிலத்திலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் ஊரில் ஒருவர் கோபுர உச்சியில் இயந்திரத்தை மூடியிருக்கும் கூட்டைக் கவிழ்த்து ஆட்டுக்குட்டிகளுக்குக் கொட்டகை ஆக்கியிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. இறக்கைக்கு அப்படி ஒரு பயனும் எங்கள் பக்கம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.


வெயில் வீணாகாது (பதில்)

காற்றாலையை அப்படியே விட்டுவிட்டு மில் கூரையில் சோலார் போடுங்கள். ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் யூனிட் வரும். 500 கிலோவாட் போட்டால் ஏழரை லட்சம். உங்கள் காற்றாலை தருவதைப் போல மூன்று மடங்கு. கியர்பாக்ஸ் இல்லை, பற்சக்கரம் இல்லை, தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும்.


பூளவாடிக் காற்று

எங்கள் கூரை 1978-இல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ். அதன்மேல் பூனை நடந்தாலே ஆட்கள் மேலே பார்ப்பார்கள். கூரையை மாற்றும் செலவைச் சேர்த்தால் உங்கள் கணக்கு மாறும். மேலும் மில் இரவும் ஓடுகிறது. மாலை ஆறு முதல் பத்து வரை உச்ச நேரம் என்று 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறோம். அந்த நேரத்தில் வெயில் இல்லை, ஆடியில் காற்று இருக்கிறது. இருந்தாலும் பகல் ஷிப்டுக்கு சோலார் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. கூரை மாற்றும்போது பார்ப்போம்.

கோபுரமேறி தம்பி, நீங்கள் கேட்டதும் போய்ப் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக ரியாக்டிவ் கட்டணம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சிறு தொகை என்று நான்தான் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நாளை ஆள் அனுப்புகிறேன்.


வரிக்கணக்கு (பதில்)

உங்கள் அப்பாவின் ஆடிட்டரைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். என் மாமாவும் அப்படித்தான் கோவையில் வீடு வீடாகப் போய் நச்சரித்தார். நூறு சதவீதத் தேய்மானம் பிறகு 80 ஆனது. 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையை எடுத்தார்கள். 2011-12-இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 3,200 மெகாவாட் காற்றாலை வந்தது, அடுத்த ஆண்டு 1,700 ஆகச் சரிந்தது. காற்று அப்படியேதான் அடித்தது. 2014-இல் 80-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள், 2017-இல் அதையும் 40 ஆக்கினார்கள். இயந்திரம் வாங்கியதற்குச் சலுகை கொடுத்தால் இயந்திரம்தான் வரும். மின்சாரம் வருகிறதா என்று யார் பார்ப்பார்கள்? தரும் யூனிட்டுக்கு 50 காசு என்று ஊக்கத்தொகை கொடுக்க அரசுக்கு 2009 வரை தோன்றவில்லை. தொண்ணூறுகளில் காற்றே வராத மூலையில் வரிக்காக நிறுத்திய இயந்திரங்களை நானே பார்த்திருக்கிறேன். உங்களுடையது பூளவாடி, பாலக்காட்டுக் கணவாயின் வாய்க்கு நேரே. அதிர்ஷ்டம்.

உங்களுக்கு வேண்டியது இது. உங்கள் இயந்திரத்தின் விலை முழுவதும் 1995-லேயே கழிந்துவிட்டது. இரும்பாக விற்றாலும் இயந்திரமாக விற்றாலும் வரும் தொகை, அந்தத் தேய்மானத் தொகுதியில், அதாவது ஒரே விகிதத்தில் தேய்மானம் கணக்கிடும் சொத்துகளின் கூட்டத்தில், வேறு சொத்து மீதம் இல்லாவிட்டால், குறுகிய கால மூலதன ஆதாயமாகக் கருதப்படும். முப்பது ஆண்டு வைத்திருந்ததற்குக் குறுகிய காலமா என்று கேட்காதீர்கள், சட்டம் அப்படித்தான். நிலம் தனி. எல்லாவற்றையும் ஒரே விலையில் பேசி ஒரே பத்திரமாக எழுதிவிடாதீர்கள்.

பெரிய இயந்திரம் உங்களுக்கு அளவுக்கு மீறியது என்று ஐயா சொன்னதற்கு ஒரு வழி உண்டு. நான்கு மில்கள் சேர்ந்து ஒரு கம்பெனியாக ஒரு இயந்திரம் வைக்கலாம். மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 26 சதவீதத்துக்குக் குறையாத பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே பயன்படுத்த வேண்டும். 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகள் அதை அனுமதிக்கின்றன. சேருகிறவர்கள் யார் என்பதுதான் பிரச்சினை. பாதியில் ஒருவர் மில்லை மூடிவிட்டால் மற்றவர்கள் விழி பிதுங்குவார்கள்.


தென்னந்தோப்பு (பதில்)

நான் காற்றாலைக்காரன் அல்ல. காற்றாலைகளுக்கு நடுவில் தென்னை வைத்திருப்பவன். புதிது போட வருகிறவர்கள் எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள், பாதையைப் பற்றிப் பேசுவதில்லை. 1995-இல் உங்கள் இயந்திரம் வண்டிப்பாதையில் டிராக்டர் வைத்து வந்திருக்கும். இப்போதைய இறக்கை ஒன்றே ஐம்பது அறுபது மீட்டர். அது திரும்பும் வளைவில் என் மரம் எட்டு நிற்கும், பக்கத்தில் ஒருவர் கிணறு நிற்கும். எங்கள் பக்கம் ஒரு இயந்திரத்துக்காக என்னிடம் கேட்காமல் இரவோடு இரவாக வேலியைப் பிரித்தார்கள். பிறகு இழப்பீடு வாங்க ஒன்றரை ஆண்டு நடந்தேன். நீங்கள் செய்வதாக இருந்தால் முதலில் வந்து உட்கார்ந்து பேசுங்கள். பழைய இயந்திரம் ஒன்றும் தொந்தரவில்லை. அதன் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. நின்றுவிட்டால்தான் தூக்கம் வருவதில்லை.


கயத்தாறு ஓய்வு

தென்னந்தோப்புக்காரர் சொன்னது சரி. சப்-ஸ்டேஷனிலும் இதே கதைதான். ராசிபாளையம், ஆனைக்கடவு, தப்பகுண்டு என்று 400 கே.வி. நிலையங்கள் வந்ததால் பெரிய பாதை அகலமாகிவிட்டது. ஆனால் உங்கள் கோபுரத்திலிருந்து முதல் சப்-ஸ்டேஷன் வரை போகும் பீடர் (மின்கம்பி வழி) அன்றைய சுமைக்குப் போட்டது. 250-க்குப் பதில் 2,100 கிலோவாட்டை அதில் ஏற்ற முடியாது. அந்த வேலைக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு காற்றுப் பருவம் இதை ஓட்டுங்கள். அதற்குள் சுற்றியுள்ள முதலாளிகளை ஒரு பட்டியலாக எழுதுங்கள். தனியாக விற்றால் இரும்பு விலை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து பேசினால் இடத்தின் விலை. வாங்க வருகிறவருக்கு வேண்டியது உங்கள் கிழட்டு இயந்திரம் அல்ல, அது பிடித்துவைத்திருக்கும் வெளி.


பூளவாடிக் காற்று

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததில் ஆறு கெப்பாசிட்டரில் நான்கு செத்திருந்தன. ஒன்று வெடித்துக் கறுத்திருந்தது. உள்ளே ஒரு ஓணான் குடியிருந்தது. மொத்தச் செலவு நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. இறக்கை பார்க்க ஏறியவர், இரண்டில் விளிம்பு மோசம், ஒன்று பரவாயில்லை என்று படம் எடுத்துக் கொடுத்தார். சித்திரைக்குள் பூச்சு வேலை முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஐயா சொன்னபடி ஏறியவரையே சுற்றிப் பார்த்து எண்ணச் சொன்னேன். அந்த 125 ஏக்கர் வெளிக்குள் எங்களுடையதையும் சேர்த்து ஒன்பது இயந்திரம். ஆறு முதலாளிகள். ஒருவர் சென்னையில் இருக்கிறார், ஒருவருடைய வாரிசுகள் நீதிமன்றத்தில் இருக்கிறார்கள். மற்ற மூன்று பேரிடம் தொலைபேசியில் பேசினேன். மூவருக்கும் அதே தரகர்தான் போயிருக்கிறார். மூவருக்கும் மூன்று விலை சொல்லியிருக்கிறார்.

தனியாக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று மட்டும் இப்போதைக்குப் பேசியிருக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோபுரத்தடியில் கூடுகிறோம். தென்னந்தோப்பு அண்ணா, நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குண்டடம் சாலையை ஒட்டி என்றால் நீங்களும் வாருங்கள். அப்பாவும் வருகிறேன் என்கிறார். எதற்காகக் கூடுகிறோம் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.


கோபுரமேறி

ஓணானை என்ன செய்தீர்கள் அக்கா? பெட்டியின் அடியில் கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். அதே வழியாகப் பாம்பும் வரும்.